பதினான்காவது போர்டு

கொழுந்து வாட்டும் மாடியில் இருந்தவை பதிமூன்று தொட்டிகள். ஷாமிளாவின் மடிக்கணினித் திரையிலோ பதினான்கு போர்டுகள் பதில் சொல்லியிருந்தன.

எழுந்து போய் எண்ணிப் பார்த்தாள். சுவரோரம் ஏழு, ஜன்னலோரம் ஆறு. கம்பிவலை போட்ட நீளமான தொட்டி ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஆளுயர ஃபேன். அதை எப்போது ஓட்டுவது, எப்போது நிறுத்துவது என்று முடிவு செய்யும் போர்டு, பக்கத்தில் ஒரு சாம்பல் நிறப் பெட்டிக்குள். போயா விடுமுறை என்பதால் றக்வான மலைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலை ஸ்டோர் முழுவதும் ஓய்ந்து கிடந்தது. மெஷின் இரைச்சல் இல்லாத வெறுமையில் தகரக் கூரையின் மீது மழை விடாமல் கொட்டியது. பழைய கொழுந்தின் புளித்த வாடையும் ஈரச் சாக்கின் வாடையும் கலந்து தொண்டையில் இறங்கின. பகல் இரண்டரை மணிக்கே மூடுபனி ஜன்னல் கண்ணாடிகளில் வந்து அப்பிக்கொண்டதால், கோடியில் தெரிவது சுவரா நிழலா என்று சொல்ல முடியவில்லை.

பதிமூன்றுதான்.

காவல்காரர் அழகமுத்து மாடிக் கதவை வெளியே பூட்டிவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார்.

"எதுக்கு மாமா பூட்டுறீங்க? நான் உள்ள இருக்கேன்ல?"

"போன மாசம் வயர உருவிட்டானுங்கம்மா. பூட்டாமப் போனா தோட்டத்துத் தொரை என்னைய உருவிடுவாரு. ஆறு மணிக்கு வந்து தொறக்கிறேன். வயரும் பத்திரம், நீயும் பத்திரம்."

தன் பேச்சுக்குத் தானே சிரித்துக்கொண்டு படியிறங்கியிருந்தார்.

நாளைக் காலை கொழுந்து வரும். அதற்குள் பதிமூன்று ஃபேன்களும் புதிய புரோகிராமில் ஓட வேண்டும். ஓடாவிட்டால், போர்டுகளைப் பொருத்திக் கொடுத்த அவளுடைய முதலாளி பளீல் அவளை வேலையை விட்டு அனுப்பிவிடுவார். படிப்பைப் பாதியில் விட்டவளுக்கு வேறு யாரும் வேலை தரப்போவதில்லை. தோட்டத்து லயத்துக்குத் திரும்பிப் போய்க் கொழுந்து பறிக்கக் கூடை கட்ட வேண்டியதுதான். அதற்குச் சாகலாம் என்று அவள் நினைத்திருந்தாள்.

ஒரு போர்டை நிறுத்தி, பழையதை அழித்து, புதியதை எழுதி, சரிபார்ப்பதற்குக் கையால் செய்தால் அரை மணி நேரம் பிடிக்கும். அவள் எல்லாவற்றையும் ஒரே ஸ்கிரிப்டாக எழுதிவிட்டாள். கேபிளில் யார் யார் இருக்கிறார்கள் என்று அது கூப்பிட்டுக் கேட்கும். பதில் சொன்னவர்களை வரிசையாக எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் "அழிக்கலாமா?" என்று கேட்டது எரிச்சலாக இருந்ததால் அந்தக் கேள்வியை நேற்று நீக்கியிருந்தாள். மழை பெய்தால் இங்கே கரண்ட் போய்விடும். பாதி எழுதிய போர்டு செத்துப்போகும். ஆகவே போர்டுகளுக்கும் கரண்ட் கொடுக்கும் பற்றரி பொருத்திய தனிப் பெட்டியொன்றில் ஸ்கிரிப்டை ஏற்றி, எது நடந்தாலும் விட்ட இடத்திலிருந்து தானே தொடரும்படி செய்திருந்தாள். வயர் திருடர்களுக்குப் பயந்து பளீல் அந்தப் பெட்டியை இரும்புக் கூட்டுக்குள் வைத்துப் பூட்டியிருந்தார். சாவி பெல்மதுளை டவுனில் அவரிடம்.

அவரைப் போனில் அழைத்தாள்.

"நானா, எத்தன போர்டு பூட்டினீங்க?"

"பதிமூணுதானே நங்கி."

"பதினாலு பதில் சொல்லுது."

"ஒண்ட ரெண்டு தரம் எண்ணியிருக்கும். அத ஓட விட்டுட்டுப் பெய்த்து ஒரு பிளேன்டீ குடி."

"வெளிய பூட்டியிருக்கு நானா."

"அப்ப குடிக்காத."

சிரிப்புக்கு நடுவில் சிக்னல் போனது. பிறகு வரவில்லை. அவர் சொன்னபடி ஸ்கிரிப்டை ஓட விட்டுவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒவ்வொரு போர்டும் தான் அளப்பதைத் திரைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. பதிமூன்றும் ஒரே மாதிரி: சூடு இருபத்தொன்று, காற்று பூச்சியம். பதினான்காவது மட்டும் வேறு. சூடு முப்பத்தாறு புள்ளி ஏழு. காற்று உள்ளே. காற்று வெளியே. காற்று உள்ளே.

எங்கேயோ ஒரு ஃபேன் மெல்லச் சுற்றுகிறதா என்று அறிய, மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்தாள். மழை மட்டும்தான்.

திரையில், காற்று பூச்சியம்.

மூச்சை விட்டாள். காற்று வெளியே.

இல்லை என்று தலையை ஆட்டினாள். மறுபடி பிடித்தாள். ஒன்று, இரண்டு என்று இருபது வரை எண்ணினாள். பூச்சியம், பூச்சியம், பூச்சியம். நெஞ்சு வெடிக்கும் போல இருந்தபோது விட்டாள். வெளியே. சூடு முப்பத்தேழு.

ஸ்கிரிப்ட் ஒன்பதாவது தொட்டியில் இருந்தது. அது முடிந்து பத்து தொடங்கியது. போர்டு ஒன்றுக்கு இரண்டு நிமிடம்.

நிறுத்தும் விசைகளை அழுத்தினாள். ‘தடை ஏற்பட்டது. விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது.’ அவள் எழுதிய வாசகம். மெயின் சுவிட்சை இழுத்தாள். விளக்குகள் அணைந்தன. ‘பற்றரியில் தொடர்கிறது.’ இரும்புக் கூட்டை உதைத்தாள். பூட்டு அசையவில்லை. ஆணியால் நெம்பினாள். ஆணி வளைந்தது. பையிலிருந்த கம்பி வெட்டும் குறட்டை எடுத்துக் கேபிளை வெட்டினாள். பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று மூன்றும் திரையிலிருந்து மறைந்தன.

பதினான்கு இருந்தது.

அவள் வேலையைச் சுருக்கியிருந்தாள். பத்துக்கு அடுத்தது இனி பதினான்குதான்.

கதவுக்கு ஓடினாள். "மாமா! அழகமுத்து மாமா! தொறங்க!" இரண்டு கையாலும் அடித்தாள். கீழே நாய் ஒன்று குரைத்தது, அவ்வளவுதான். ஜன்னல்களுக்கெல்லாம் கம்பி. வயருக்காகப் போட்ட கம்பி.

திரும்பி ஓடி வந்தாள். ஸ்கிரிப்டையே அழித்துவிடலாம். ஒரே வரி. தட்டினாள். ஓர் எழுத்து தவறியது. திருத்தினாள். இனி ஒரு விசை மட்டும்.

‘போர்டு பதினான்கு. நிறுத்துகிறது.’

விரல் நின்றது.

விசைக்கு ஒரு நெல்லளவு மேலே. கீழே போகவில்லை. மேலேயும் வரவில்லை. இமை மூடவில்லை. கத்தினாள். சத்தம் தலைக்குள்ளேயே நின்றது.

‘அழிக்கிறது. நூற்றுக்கு நான்கு வீதம்.’

முதலில் எண்கள் போயின. தன் தொலைபேசி எண். பிறந்த நாள். எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும். அம்மா. லயத்து வாசலில் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு நிற்கும் அம்மா. அதைப் பிடித்தாள். இறுக்கிப் பிடித்தாள்.

முப்பத்தெட்டு.

துவாய் இருந்தது. தலை இருந்தது. முகம் இல்லை.

அறுபது.

யாரோ ஒருத்தி. ஏதோ ஒரு வாசல்.

எண்பத்தொன்று.

பயம் இருந்தது. எதற்கென்று இல்லை.

நூறு.

‘எழுதுகிறது. சரிபார்த்தது. ஓட்டுகிறது.’

உடம்பு எழுந்தது. நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. உடம்பு திரும்பிப் பார்க்கவில்லை. நடந்து போய், வெறும் தொட்டி ஒன்றின் தலைமாட்டில், முகம் கம்பிவலையில் படுமளவுக்குக் குனிந்து நின்றது.

வாய் திறந்தது.

காற்று வெளியே.

காற்று வெளியே.

காற்று வெளியே.