ஒடியல் மாவின் கசப்பு

எண்பத்து நாலாம் ஆண்டு மாரிமழை, கேட்டுக் கேள்வியில்லாமல் ஒருவனை மீனலோசனியின் குசினி வாசலில் கொண்டுவந்து நிறுத்தியது.

"மாட்டுக்கு ஊசி போட வந்தனான், ரீச்சர். மழை விடுமட்டும்..." என்று இழுத்தான். பெயர் சிவபாதம். ஊர்காவற்றுறையிலிருந்து நெடுந்தீவு மாடுகளைப் பார்க்க வருபவன். நனைந்த இமைகளுக்குள்ளே அந்தக் கண்கள்... சும்மா சொல்லக் கூடாது, மழையைவிட மோசம்! அவள் அவசரமாக அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுப்பிலே ஒடியல் கூழ்; காய்ந்த பனங்கிழங்கை இடித்த மாவில் காய்ச்சுவது. புங்குடுதீவு வீட்டில் வேலைக்கார அன்னபூரணம் ஆக்கிப் போட்டதைத் தின்று வளர்ந்த செல்லப் பெண் அவள். படிப்பிக்கப் போகிற இடத்தில் தனியே சமைத்துச் சாப்பிட்டுக் காட்டுகிறேன் என்று தகப்பனோடு சண்டை பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். விரலெல்லாம் சூட்டுக் காயம். ஆனாலும் இது அவளே காய்ச்சிய முதல் கூழாயிற்றே! பெருமையோடு பனையோலைப் பிழாவில் வார்த்துக் கொடுத்தாள். அவன் ஒரு மிடறு குடித்தான், அவள் முகத்தைப் பார்த்தான், மிச்சத்தையும் குடித்தான். இன்னொரு பிழாவும் வாங்கிக் குடித்து, நல்ல கூழ் என்று சொல்லிவிட்டுப் போனான்.

பிறகுதான் அவள் வாயில் வைத்தாள். ஐயோ, வேம்பு தோற்றுவிடும்! ஒடியல் மாவை ஊறவிட்டுக் கசப்புத் தண்ணீரை வடித்து ஊற்ற வேண்டும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? தன் பிழையைவிட அவன் பொய்தான் சுட்டது. பாவம் பார்த்தானாம், பாவம்! அடுத்த முறை மழையே இல்லாமல் வந்து நின்றவன் வாய் திறக்குமுன், "பொய் சொல்லுற ஆக்கள் என்ர வாசலுக்கு வரத் தேவையில்லை," என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னாள். அவன் வந்த வழியே திரும்பிப் போனான்.

அந்த ரோசத்திலேயே சமையல் பழகினாள். சோறு குழைந்தது, குழம்பு அடிப்பிடித்தது... மெல்ல மெல்ல எல்லாம் கைக்கு வந்தது. மாவை ஊறவிட்டு, வடித்து, மறுபடி ஊறவிட்டு, ஒருநாள் கூழும் வாய்த்தது. தனியே இருந்து குடித்தாள். இனி ஒருவரையும் நம்பியிருக்கத் தேவையில்லைதான். பிறகேன் ஒவ்வொரு மழைக்கும் வாசலைப் பார்த்தாள்? ஆள் அனுப்பிக் கூப்பிட ரோசம் விடவில்லை.

பிறகு செய்தி வந்தது. ஆமிக்காரர் பெடியன்களைப் பிடித்துக்கொண்டு போகிற காலம். பயந்துபோன தாய் அவனை ஜேர்மனிக்கு அனுப்புகிறாளாம். வேலையை ஒப்படைக்கத் தீவுக்கு வந்தவன் அன்று பின்னேர வள்ளத்திலேயே போகிறானாம்.

கூழ்ச் சட்டியோடு இறங்குதுறைக்கு ஓடினாள். அவன் வாங்கிக் குடித்தான்.

"இண்டைக்காவது உண்மையைச் சொல்லுங்கோ."

"புளி கொஞ்சம் கூடிப்போச்சு."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

"அண்டைக்குக் கசந்ததுதான், லோசனி," என்றான். "சுட்ட கையோட என்ர வாயையே பார்த்துக்கொண்டு நிண்டீர்... சொல்ல மனம் வரேல்லை. எனக்கு அண்டைக்கே உம்மில விருப்பம்."

"அதை ஏன் சொல்லேல்லை?"

"சொல்லத்தான் ரெண்டாந்தரம் வந்தனான்."

வள்ளக்காரர் கயிற்றை அவிழ்த்துவிட்டார். அவன் ஏறினான். அவள் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றாள்.

"மாவில கசப்பெடுக்கப் பழகினன்... என்ர வாயில எடுக்கப் பழகேல்லையே! எனக்கும் உங்களில விருப்பம்தான்..."

அவனுக்குக் கேட்டது. தலையாட்டினான். வள்ளம் திரும்பவில்லை.