ஏழு முறை ஏலம் போன ஆடு

"என்னடி இது, கழுவின தண்ணியா? பால் எங்கே?"

மாமியார் நமால்வா தேநீரை முற்றத்தில் கவிழ்த்தாள். நெலிமா தலை குனிந்து நின்றாள்.

"ஆட்டை நேத்து சர்ச்சுல, ஊரே சேர்ந்து பணம் திரட்டுற ஹராம்பே ஏலத்துக்குக் குடுத்துட்டேன்மா... ஒரு குழந்தைக்கு நெஞ்சுல ஓட்டையாம். எல்டோரெட் பெரியாஸ்பத்திரியில ஆபரேஷன் பண்ணணுமாம்..."

"யார் பெத்த குழந்தை? நம்ம குலமா? பேர்கூடத் தெரியாதவளுக்கு என் வீட்டுப் பாலா! பொய்! உன் அண்ணன் வீட்டுக்கு ஓட்டியிருப்ப!"

கரும்புத் தோட்டத்தில் ஒரு பருவம் முழுக்கக் களை வெட்டி நெலிமா வாங்கிய ஆடு அது.

"மசிண்டே! உன் பொண்டாட்டியை அனுப்புடா! இவ இருக்கிற வீட்ல நான் இருக்க மாட்டேன்!"

கணவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அம்மாவைக் கேட்டிருக்கலாம்ல... கொஞ்ச நாள் உங்க வீட்ல இரு."

துணிகளை மூட்டையாகக் கட்டித் தலையில் ஏற்றினாள். கண்ணீரைத் துடைக்கக் கை ஒழியவில்லை.

வாசலில் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. ஓட்டியவனின் மடியில் ஆடு! பின்னால், முதுகில் குழந்தையைக் கட்டிய மெலிந்த பெண்.

"மசிண்டே அம்மா யாரு? உங்க ஆட்டைப் பிடிங்க!" என்றான் ஓட்டி வந்தவன்.

"என் ஆடா?" நமால்வா விழித்தாள்.

"பின்னே? 'மசிண்டே அம்மா குடுத்தது'ன்னுதானே ஏலத்துல கூவினாங்க! எடுத்தவங்க எல்லாம் பணத்தைக் கட்டிட்டு, 'மறுபடி விடுங்க'ன்னு ஆட்டைத் திருப்பிக் குடுத்தாங்க. ஏழு தடவை! கடைசியா எடுத்த நான் மட்டும் வெட்டித் தின்னா தொண்டையில இறங்குமா?"

அந்தப் பெண் நமால்வாவின் முன் மண்டியிட்டாள். "வியாழக்கிழமை ஆபரேஷன்மா... உங்களாலதான்..."

நமால்வா மெல்லத் திரும்பினாள். "ஏன்டி என் பேரைக் குடுத்த?"

"முட்டி வலின்னு நீங்க வர முடியல... அத்தனை பேரும் ஜெபம் பண்ணும்போது, உங்க பேரும் ஆண்டவர் காதுல விழட்டுமேன்னு..."

நமால்வா மருமகளின் தலையிலிருந்த மூட்டையைத் தானே இறக்கினாள்.

"கழுத்து வலிக்கும்டி... நான் பாவி..."

வலிக்கும் முட்டியை மடக்கிக் குந்தி, ஆட்டைக் கறந்தாள். முதல் கோப்பை குழந்தைக்கு. அடுத்ததை மருமகளிடம் நீட்டினாள்.

"குடி. எனக்கு இன்னிக்குக் கறுப்பு டீ போதும்."