ஆண்கள் முன் அணையாத திரை

லெஸ்தாரி தன் பழைய மடிக்கணினியை வார்சித்தோவின் மேசைமேல் டொக்கென்று வைத்தாள். கல்யாண அழைப்பிதழ் வரைந்து பிழைக்கிறவள்.

"பாக், லெபாரான் பெருநாளுக்கு முன்னாடி இந்த ரிப்பேர்க்கடை வஹ்யுகிட்ட துடைக்கக் குடுத்தேன். பெருநாள் முடிஞ்சதுலருந்து திரை பொசுக்குனு அணையுது. வேற திரை மாத்தினான், அதுவும் அணையுது. என் நல்ல திரையை உருவிட்டான், திருட்டுப்பய!"

இந்தோனேசியாவின் சுராபாயா நகரக் கணினிச் சந்தையில், எல்லோரும் மரியாதையாக 'பாக்' என்று அழைக்கும் பெரியவர் வார்சித்தோ சொல்வதுதான் தீர்ப்பு. குற்றம் உறுதியானால் வஹ்யுவின் கடை பறிபோகும். கடைச் சாவியைச் சந்தைச் சங்கத்தார் வார்சித்தோவிடம் கொடுத்தும் விட்டார்கள். அவரோ யார் பேச்சையும் நம்பாத ஆள்.

கணினியைத் திறந்தார். பளிச்சென்று எரிந்தது. மூடியை ஆட்டினார், தட்டினார். அணையவில்லை.

"பாத்தீங்களா பாக்?" என்றான் பக்கத்தில் நின்ற வஹ்யு.

"நீ வாயை மூடு. பொய் சொல்றது நீயா அவளான்னு இன்னும் தெரியல. வா, அவ வீட்டுக்கே போவோம்."

காப்பிக்கடை துத்திக்கும் கூடவே கிளம்பினாள். வம்பு என்றால் அவளுக்கு உயிர்.

வீட்டிலும் திரை எரிந்தது. முக்காட்டைப் பச்சைக்கல் வில்லையால் தாடைக்கடியில் இறுக்கிக்கொண்டு லெஸ்தாரி தேநீர் கொடுத்தாள். "ஆம்பளைங்க இருந்தா மட்டும் நடிக்குது, சனியன்!"

வார்சித்தோ எழுந்தார். "அப்ப நாங்க வெளிய நிக்கறோம். துத்திக், நீ கண்ணை எடுக்காம பாரு."

கொஞ்ச நேரத்தில் துத்திக் ஓடி வந்தாள். "அணைஞ்சிருச்சு பாக்! முன்னாடி இருக்கிற குட்டி விளக்கு மட்டும் மெதுவா மின்னுது, தூங்கறவன் மூச்சு மாதிரி."

"கெட்டுப்போன திரைன்னா விளக்கு ஏன் தூங்கணும்? அது மூடியைச் சாத்தியாச்சுன்னு நினைக்குது. நாங்க வெளிய வந்ததும் அவ என்ன செஞ்சா?"

"என்ன செய்வா? அப்பாடான்னு முக்காட்டை எடுத்தா, உக்காந்தா."

"முக்காட்டு ஊசி?"

"எந்தக் காலத்துல இருக்கீங்க! இப்பல்லாம் காந்த வில்லைதான், துணி கிழியாது."

"கழட்டி எங்க வச்சா?"

"கணினி மேலதான், இடது ஓரத்துல!" என்றாள் துத்திக்.

லெஸ்தாரி முக்காடு போட்ட பிறகு எல்லோரும் உள்ளே போனார்கள். துத்திக்கின் பையிலிருந்த ஒரு வில்லையை வாங்கிக் கணினியின் இடது ஓரத்தில் வைத்தார் வார்சித்தோ. திரை இருண்டது. எடுத்தார். எரிந்தது.

"மூடியில ஒரு காந்தம் இருக்கு. மூடியைச் சாத்தி அது கிட்ட வந்தா கணினி தூங்கிடும். எந்தக் காந்தம்னு அதுக்குத் தெரியாது. ஆம்பளைங்க முன்னாடி உன் வில்லை தாடைக்கடியில. தனியா இருந்தா இங்க. அந்த வில்லை எப்ப வந்துச்சு?"

"லெபாரானுக்குத் தங்கச்சி குடுத்தா..." லெஸ்தாரியின் குரல் இறங்கியது. "தொலையாம இருக்கட்டும்னு இதுலயே ஒட்டி வைப்பேன். வஹ்யு, வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்டா."

"பரவால்லக்கா. அடுத்த பெருநாளுக்கு ஊசி கேளுங்க."

"இளிக்காதே," என்றார் வார்சித்தோ. "அணையறதைக் கண்ணால பாக்காமலே நல்ல திரையைக் கழட்டினியே, அது என்ன வேலை? ஓடு, பழசைக் கொண்டாந்து மாட்டு."

மாட்டினான். எரிந்தது. அதையும் அவர் நம்பவில்லை. வில்லையை வைத்தார், இருண்டது. எடுத்தார், எரிந்தது. அப்புறம்தான் சாவியை எடுத்து வஹ்யுவின் சட்டைப்பையில் போட்டார்.