பதம் பார்க்கும் விரல்கள்

இடது செருப்பு எங்கே என்று மனைவி மதீனா பீவி கேட்ட பிறகுதான் முகைதீன் குனிந்து பார்த்தான். தாராவித் தோல் கிடங்கிலிருந்து வீடு வரைக்கும் ஒற்றைச் செருப்போடு நடந்து வந்திருக்கிறான். உள்ளங்காலில் ஓர் ஆணி தலை வரை இறங்கியிருந்தது. அதுவும் தெரியவில்லை. பாழாய்ப்போன சீனி வியாதி அந்தக் காலை எப்போதோ மரக்கட்டையாக்கிவிட்டிருந்தது.

பத்தே நாளில் ஆணி இறங்கிய இடம் கறுத்துக் குழியானது. முட்டிக்கு மேலே வெட்ட வேண்டும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். நாள் முழுக்க நின்று தோல் தரம் பிரிக்கிறவனுக்குக் கால் போனால் என்ன மிச்சம்? மாட்டுங்கா டாக்டர் அனந்தகிருஷ்ணன்தான், யுத்தத்துக்குப் பிறகு பம்பாயில் கிடைக்கத் தொடங்கியிருந்த பெனிசிலினைப் போட்டுப் பார்க்கலாம் என்றார். மூன்று மணி நேரத்துக்கொரு ஊசி. ஐஸில் வைத்த மருந்தின் குளிர் இறங்கும்போதெல்லாம், சுண்ணாம்புத் தொட்டியும் ஈரத்தோலும் கலந்து சன்னல் வழியே வருகிற வாடையில் தன் காலின் வாடை எது என்று அவன் மூக்கு தேடிக்கொண்டே இருந்தது.

ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது.

"ஊசி கேட்டிருக்கு முகைதீன். கால் தப்பிச்சுடுத்து," என்றார் டாக்டர். மதீனா பீவி அழுதேவிட்டாள்.

அவனுக்கும் சந்தோஷம்தான். ஆனால் விரல்கள் சும்மா இருக்கவில்லை. இருபது வருஷப் பழக்கம். பச்சைத் தோல் வந்திறங்கியதும் நாலு முடியைப் பிடித்து இழுப்பான். வராவிட்டால் நல்ல தோல். கையோடு வந்தால் உள்ளே அழுகல், வெளியே எவ்வளவு பளபளத்தாலும் சரி.

போர்வைக்குள் கணுக்காலில் இழுத்தான். வந்தது.

மறுநாள் கெண்டைக்கால். வந்தது. புண் காய்கிறது என்றார் டாக்டர். அதற்கு மறுநாள் முட்டி. பிறகு தொடை. கொத்தாக. இனி எங்கே வெட்டுவார்கள்? யாரிடமும் சொல்லவில்லை.

இன்று மத்தியானம், புண் மூடிவிட்டது, ஊசி போதும் என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார். மதீனா பீவி வெந்நீரில் துணியை நனைத்து அவன் முகத்தைத் துடைத்தாள். நெற்றி. கன்னம். தாடை.

கை நின்றது.

"என்னளா?"

"ஒண்ணுமில்ல. காச்சல் கூட இல்ல."

துணியை மடித்து முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். எட்டிப் பிடித்து இழுத்தான். துணி விரிந்தது.

வெள்ளைத் துணியில் அவன் தாடி. முழுசாக. ஒரு முடி கலையாமல்.

வலிக்கவே இல்லை.