சொல்லிக்கொண்டு வந்தவள்

கதவு காய்ந்திருந்தது.

குற்றாலத்தில், சாரல் பிடித்த ஜூன் மாதத்தில், எதுவாவது காய்ந்து கிடக்குமா? பொரித்த அப்பளம் இலைக்கு வருவதற்குள் நமுத்துப்போகும், கொடியில் போட்ட பாவாடையை ஐந்தாம் நாளும் பிழியலாம், தீப்பெட்டியில் பத்துக் குச்சிக்கு ஒன்று பற்றினால் அதிர்ஷ்டம். அந்த விடுதியின் மூன்றாம் மாடி நடையிலும் சுவரெல்லாம் வேர்த்துச் சொட்டிக்கொண்டிருந்தது, பெயின்ட் சிந்தாமல் இருக்கத் தரையில் விரித்திருந்த செய்தித்தாள்கள் கூழாகிக் கிடந்தன, மிதிக்கும் இடமெல்லாம் சதசதவென்றது. நடையின் கோடியில் இருந்த அந்த ஒற்றைக் கதவு மட்டும் மொரமொரவென்று காய்ந்து, நேற்று அடித்த கிரீம் நிறப் பெயின்ட் ஓரங்களில் சுருண்டு உதிர, தனியாக நின்றது.

காளீஸ்வரி அதன்மேல் புறங்கையை வைத்தாள். பயிற்சியின் முதல் நாள் சொல்லிக்கொடுத்த பாடம் அது. மூடிய கதவை உள்ளங்கையால் தொடக் கூடாது. புறங்கைதான் சூட்டை முதலில் சொல்லும், சுட்டாலும் பிடிக்கிற கை பிழைக்கும்.

வெதுவெதுவென்று இருந்தது.

வெயில் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். மூன்று நாளாக வெயிலையே கண்ணால் பார்க்காத ஊரில் நின்றுகொண்டு! பயந்தவள் புத்தி அப்படித்தான் தனக்குத் தானே கதை சொல்லும்.

இலத்தூர்க்காரி. வயது இருபத்தாறு. ஒரு கட்டடத்தில் தீப்பிடித்தால் யார் எந்த வழியாகத் தப்புவார்கள், யாரால் முடியாது என்று பார்த்து எழுதுகிற மதிப்பீட்டாளர் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். எழுத்துத் தேர்வெல்லாம் தேறியாகிவிட்டது. ஒரு கட்டடத்தைத் தனியாக முழுக்கப் பார்த்து அறிக்கை கொடுத்துவிட்டால் சான்றிதழ் கையில். போன வருடம் அதில்தான் கோட்டை விட்டாள். தென்காசியில் ஒரு கல்யாண மண்டபத்தில், பந்திக்கூடத்துப் பின்கதவை அலுப்பில் திறந்து பார்க்காமலே ‘திறக்கும்’ என்று எழுதிவிட்டாள். பயிற்சியாளர் வேல்ராஜ் போய்த் தள்ளிப் பார்த்தால், பின்னால் ஆள் உயரத்துக்குச் செங்கல் அடுக்கியிருந்தது. “ஒன் எழுத்த நம்பி எரநூறு பேரு இந்தப் பக்கம் ஓடி வந்திருப்பான்லா? தொறந்து பாக்காத கதவத் தொறக்கும்னு எழுதாத” என்று எல்லார் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். இந்த முறையும் தவறினால் பெயரையே அடித்துவிடுவார்கள், மூன்று வருடப் படிப்பும் மண்ணாகும். அறிக்கை இன்று மாலை ஆறு மணிக்குள் போய்ச் சேர வேண்டும்.

விடுதி ஐந்தருவிச் சாலையில் இருந்து உள்ளே தள்ளி இருந்தது. வாசலில் காலை வைத்ததில் இருந்தே அவளுக்கு அந்த இடம் பிடிக்கவில்லை, அந்த இடத்துக்கும் அவளைப் பிடிக்கவில்லை. மேலாளர் கணேசமூர்த்தி ‘வாங்க’ என்றுகூடச் சொல்லவில்லை. அவருடைய அறைக்குக் கதவில்லை. கீழ்க் கழிப்பறைக்கும் கதவில்லை, ஒரு அழுக்குப் போர்வை தொங்கியது. இத்தனை அறைகள் சும்மா கிடக்க, அவருடைய கட்டில் போர்ட்டிகோவில் சாரலில் நனைந்துகொண்டு கிடந்தது.

“கதவெல்லாம் எங்க அண்ணாச்சி?”

“கரையான்.”

“மூணாவது மாடியில பின்படிக்குப் போற கதவு சாவி வேணும்.”

“பின்படியா? அது ஸ்டோர் ரூமு. எதையாவது எழுதிக்கிட்டுக் கெளம்புங்க மேடம். நாளான்னிக்கு ஆளு வருது, எனக்கு ஆயிரம் சோலி கெடக்கு. ஒங்கள வெத்தல பாக்கு வச்சா அழைச்சேன்?”

“மேல ஆளு உண்டுமா?”

“ஒரு ஈ காக்கா கெடையாது” என்றார். சொல்லும்போது இடுப்பில் கறுப்புக் கயிற்றில் தொங்கிய ஒரு சாவியைக் கை மூடிக்கொண்டது.

வரைபடத்தில் பின்படி தெளிவாக இருந்தது. மேலிருந்து கீழ் வரை ஐம்பத்து நான்கு படிகள், கீழே வெளியேறும் வழி. காளீஸ்வரி கட்டடத்தின் பின்னால் போய்ப் பார்த்திருந்தாள். வழி இருக்க வேண்டிய இடத்தில் சுவர்தான் இருந்தது. சுற்றிலும் பாசி பிடித்து வழுக்கிக்கொண்டிருக்க, ஒரு கதவின் அளவுக்கு மட்டும் பாசியே இல்லை. சாரல் அதன்மேல் விழுவதும் தெரிந்தது, விழுந்த இடம் அடுத்த நொடி காய்வதும் தெரிந்தது. அப்போதே ஓடி வந்திருக்கலாம். ஆனால் திறந்து பார்க்காத ஒரு கதவு மேலே பாக்கி இருந்தது.

இதோ, அதன் முன்னால் நிற்கிறாள். நடைப்பக்கம் கொண்டி போட்டு, தேங்காய்ச் சில்லு அளவில் ஒரு பூட்டுத் தொங்கியது. புதுப் பெயின்ட் வாடைக்கு அடியில் வேறொரு வாடை இருந்தது. மூக்கில் ஏறியதும் சட்டென்று புரியவில்லை, இரண்டாவது முறை இழுத்தபோதுதான் அது கருகிய தலைமுடி என்று தெரிந்தது. மின்சாரம் போயிருந்ததால் நடையில் மத்தியானம் மூன்று மணிக்கே அந்திக் கருக்கல் மாதிரி இருட்டிக்கொண்டிருக்க, தூரத்து அருவிச் சத்தம் ஜன்னல் வழியாக வந்து, ஒரு கூட்டம் ஒரே நேரத்தில் முணுமுணுப்பதுபோல நடை முழுக்க நிறைந்திருந்தது.

உள்ளே இருந்து தட்டினார்கள்.

பலமாக இல்லை. நகத்தால். மூன்று முறை.

“யாரு?” என்றது ஒரு பெண் குரல். தூங்கி எழுந்த குரல்.

காளீஸ்வரிக்கு முதலில் வந்தது பயமில்லை, கோபம். ஈ காக்கா இல்லையாமே! “அக்கா, நான் தீ பாதுகாப்புக்குப் பாக்க வந்திருக்கேன். உள்ள எத்தன பேரு இருக்கீங்க?”

“ஒம்பது பேரு.”

படிவத்தில் ஆட்கள் எண்ணிக்கைக் கட்டத்தில் ஒன்பது என்று எழுதியும் விட்டாள். “கதவத் தொறங்கக்கா.”

“வெளிய பூட்டியிருக்கு, தாயி. கொஞ்சம் பாரேன். ரொம்ப வெக்கையா இருக்கு.”

கதவின் அடியில் இருந்து சூடான காற்று வந்து அவள் கால் விரல்களைத் தொட்டது. அடப்பாவி, உயிரோடு இருக்கிற ஆட்களை இப்படியா பூட்டி வைப்பான்! “இருங்கக்கா, அவர்ட்ட சாவி வாங்கியாறேன். போயிட்டு வாறேன்.”

சொல்லித் தொலைத்தாள். அவளைச் சொல்லியும் குற்றமில்லை. நம்மூரில் யார் வாயில் ‘போறேன்’ என்று வரும்? தெருமுனைக்குப் பால் வாங்கப் போகிறவரும் போயிட்டு வாறேன் என்பார், துபாய்க்கு விமானம் ஏறுகிறவரும் போயிட்டு வாறேன் என்பார். பிறந்ததில் இருந்து பழகிய வாய், யோசிக்காமல் சொல்லிவிடும்.

உள்ளே நகச் சத்தம் நின்றது. அருவிச் சத்தமும் நின்றதுபோல இருந்தது.

“வா” என்றார்கள். ஒரு குரல் இல்லை. ஒன்பது.

எப்படிக் கீழே வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. “மேல ஆள வச்சுப் பூட்டிட்டு ஈ காக்கா இல்லைங்கீங்க! போலீசுக்குச் சொல்லட்டுமா?” என்று கத்தினாள். கணேசமூர்த்தி கட்டிலில் இருந்து எழுந்திருக்கவில்லை. முகத்தில் மட்டும் இரத்தம் வற்றியது.

“பேசுனாளுவளா? நீ என்ன சொல்லிட்டு வந்த?”

“சாவி வாங்கிட்டு... போயிட்டு வாறேன்னு.”

“ஏட்டி!” மேடம் எல்லாம் பறந்துவிட்டது. “துட்டி வீட்டுக்குப் போன எவளாவது போயிட்டு வாறேன்னு சொல்லிக்கிட்டு வருவாளாட்டி?”

துட்டி வீடு என்றால் சாவு விழுந்த வீடு. அங்கே யாரும் சொல்லிக்கொள்வதில்லை. பேசாமல் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். குழந்தைகூட அறியும்.

“நாலு வருசம் ஆச்சு” என்றார் அவர், அவளைப் பார்க்காமல். “சீசன் வேலைக்கு வந்த அசலூர்ப் பொம்பளைய, ஒம்பது பேரு. பின்படி மேல்தட்டுலதான் படுப்பாளுவ. ராத்திரி எங்கனயும் எறங்கிப் போயிரக் கூடாதுன்னு மேலயும் கீழயும் பூட்டச் சொன்னாரு மொதலாளி. பூட்டுனது நாந்தான். பொக வந்து தட்டுனாளுவ. சாவி எடுத்துட்டு வாறேன், போயிட்டு வாறேன்னு சொல்லிட்டுத்தான் எறங்குனேன்.”

“பெறகு?”

“பெறகு என்ன? நான் திரும்பி ஏறல. அவளுவளத் தேடி வர ஆளில்ல. கீழ் வாசலுக்குச் செவரு வச்சாச்சு.” கறுப்புக் கயிற்றை அவிழ்த்துச் சாவியை நீட்டினார். “நான் கதவச் சாத்தி நாலு வருசம் ஆச்சுட்டி. சாத்துனா வந்துருதாளுவ. இப்போ நீயும் வாறேன்னு சொல்லிருக்க. இந்தா, தைரியம் இருந்தா போயித் தொற. இல்லையா, தொறக்கும்னு எழுதிட்டு ஓடிப்போ. ஆனா எங்கன போனாலும் கதவ மட்டும் சாத்தாத.”

சாவி அவள் முகத்துக்கு நேரே ஆடியது. காளீஸ்வரி அதைப் பார்த்தாள். கையை நீட்டவில்லை.

ஐந்தருவி டீக்கடையில் வந்துதான் ஸ்கூட்டியை நிறுத்தினாள். சுற்றி ஜனம். மிளகாய் பஜ்ஜி வாடை, ஈரத் துண்டும் எண்ணெய்த் தலையுமாகக் குளித்துவிட்டு வருகிறவர்கள், பிள்ளைகளின் கூச்சல். நாளான்னிக்கு இந்த ஜனத்தில் எத்தனை பேர் அந்த விடுதியில் வந்து படுக்கப் போகிறார்களோ! ஐந்து மணிக்கு வேல்ராஜ் அழைத்தார்.

“எல்லாக் கதவும் தொறந்து பாத்தியாம்மா? ஒண்ணு பாக்கின்னாலும் இப்பமே திரும்பிப் போயிப் பாத்துட்டு எழுது. ஆறு மணி வர நேரம் இருக்கு.”

திரும்பிப் போவதாவது!

“எல்லாம் பாத்துட்டேன் சார்.”

ஒன்பதை அடித்துவிட்டுச் சுழியம் போட்டாள். மூன்றாம் மாடி, பின்படிக் கதவு: திறக்கும். கையெழுத்துப் போட்டு, போனில் படம் எடுத்து அனுப்பினாள். ஆறடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது பதில் வந்தது. தேறிவிட்டாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது, உள்ளதைச் சொல்ல வேண்டுமல்லவா?

இலத்தூரில் வீடு பூட்டிக் கிடந்தது. அம்மா தென்காசிக் கோவிலுக்குப் போயிருந்தாள், எட்டு மணிக்குத்தான் வருவாள். கீழே இரண்டு அறை, மேலே ஓடு, பின்னால் குளியலறை, அவ்வளவுதான் வீடு. வாசற்கதவைத் திறந்தே போட்டாள். அறைக்கதவையும் திறந்தே போட்டாள். தலையைக் கோதியபோது முடியில் இருந்து அந்த வாடை வந்தது. முதலில் இதைக் கழுவித் தொலைக்க வேண்டும் என்று போனைக் கட்டிலில் எறிந்துவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய், இருபது வருடமாகச் செய்கிற மாதிரியே கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டாள்.

இரண்டு வாளி ஊற்றினாள். சீயக்காய் போட்டுத் தேய்த்தாள். மூன்றாவது வாளியில் கையை விட்டபோது தண்ணீர் வெந்நீராக இருந்தது.

அந்த வீட்டில் வெந்நீர்க் குழாய் கிடையாது.

பிளாஸ்டிக் கதவில் இருந்து காந்தல் வாடை வந்தது. கொண்டியை இழுத்தாள். கொண்டி வந்துவிட்டது. கதவு வரவில்லை. தோளால் இடித்தாள். வெளியே கனமாக ஏதோ ஆடி, கதவில் மோதியது. பூட்டு. இந்தக் கதவுக்கு வெளியே கொண்டியே கிடையாது.

நகச் சத்தம். மூன்று முறை.

“தாயி.”

காளீஸ்வரி பின்சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

“உள்ள எத்தன பேரு இருக்கீங்க?”

“நான்... நான் ஒருத்திதான். அக்கா, கதவத் தொறங்கக்கா! சுடுது!”

“தொறக்கும்னுதான எழுதிருக்க?”

கதவின் அடியில் புகை வந்தது. மெல்லியதாக. பிறகு கறுப்பாக. கட்டிலில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் கத்தினாள். இருமினாள். புறங்கையைக் கதவில் வைத்துத் தள்ளினாள். தோல் ஒட்டிக்கொண்டது.

“அழாத” என்றது குரல், ரொம்பவும் ஆறுதலாக. “சாவி எடுத்துட்டு வாறோம்.”

“அக்கா, போவாதீங்க! அக்கா!”

“போயிட்டு வாறோம்” என்றார்கள் ஒன்பது பேரும்.

காளீஸ்வரி காதைக் கதவோரம் வைத்துக் கேட்டாள். படியே இல்லாத அந்த வீட்டில், ஒன்பது பேர் நிதானமாகப் படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள்.