மணி அடிக்கும்வரை

பூவாரில் நாள்கணக்காகப் படகில் மிதந்தும் ஜிஜினுக்கு ஒரு மெட்டும் வரவில்லை. கொசு வந்தது, கூட நின்று செல்ஃபி எடுக்க ஒரு குடும்பம் வந்தது, கேட்காமலே மீன் வறுவல் வந்தது. ஆகவே தண்ணீரில் இசை இல்லை, மண்ணில்தான் இருக்கிறது என்று இயக்குநர் தீபுவுக்குத் தொலைபேசியில் அறிவித்துவிட்டு, ஒரு மதிய நேரம் பாறசாலையைத் தாண்டி, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருந்த செல்லசாமி சாரின் பழைய ஓட்டு வீட்டுக்கு முன்னால் காரை நிறுத்தினான்.

மண்ணில் இசை என்பதெல்லாம் பேட்டிக்குச் சொல்கிற பேச்சு. இத்தனை வருடமாக ஜிஜினுக்கு இசை இருந்த இடம் அடுத்தவன் பாட்டு. எந்த நாட்டுப் பாட்டையாவது எடுத்து வேகத்தைக் குறைப்பான், பழைய கீர்த்தனையைத் தலைகீழாக்குவான், மேலே கொஞ்சம் செண்டையைத் தூவுவான், மேடையேறி விருது வாங்குவான். போன வருடம் யாரோ ஒரு பொல்லாதவன் அவன் பாட்டுகளையும் அவற்றின் அசல்களையும் அடுத்தடுத்து வைத்து வீடியோ போட்டுவிட்டான். ஊரே சிரித்தது. இப்போது அவன் கையில் மிஞ்சியிருப்பது தீபுவின் படம் ஒன்றுதான்.

"இதுவரைக்கும் ஆரும் கேக்காத மெட்டு வேணும். இல்லேங்கி நான் வேற ஆளப் பாக்கேன்" என்று தீபு சொல்லியிருந்தான். அந்த மெட்டு வராவிட்டால் ஜிஜின் கல்யாண மண்டபங்களில் கீபோர்டு வாசிக்கப் போக வேண்டியதுதான்.

சாவி கொண்டுவந்தவள் ரெஜிலா. செல்லசாமி சாரின் மருமகள், அடுத்த வீட்டில் இருப்பவள். கதவு திறந்ததும் ஈரச் சுண்ணாம்பும் வௌவால் எச்சமும் கலந்த வாடை வந்தது. அதற்கு அடியில் மெல்லிசாக யூக்கலிப்டஸ் தைலம். முன்னறையில் கைவைத்த மர நாற்காலி ஒன்று. அதன் முன்னால் சின்ன மேசை. மேசைமேல், உச்சியில் தட்டினால் ஒலிக்கும் பித்தளை மணி.

அதைப் பார்த்ததும் ஜிஜின் ஓரடி பின்வாங்கினான்.

இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவச் சபைகளின் பாட்டுப் போட்டிக்கெல்லாம் ஒரு காலத்தில் செல்லசாமி சார்தான் நடுவர். தைல வாடையோடு வந்து உட்காருவார். அவர் வைத்தது ஒரே சட்டம்: மணி கேட்கும்வரை பாட வேண்டும், கேட்டதும் நிறுத்திக் கும்பிட்டுவிட்டு இறங்க வேண்டும். மணி அடிக்காமல் எவரும் மேடையை விட்டு இறங்கக் கூடாது. பாட்டு முடிந்துவிட்டால் திரும்பப் பல்லவிக்குப் போக வேண்டியதுதான். ஆனால் அந்த அளவுக்கு யாரையும் அவர் விட்டதில்லை, முதல் வரியிலேயே தட்டிவிடுவார். ஷீஜா என்ற பெண் பாடும்போது மட்டும் கண்ணை மூடியவர் மணியை மறந்துபோனார். அவள் மயங்கி விழுந்த பிறகுதான் தட்டினார். அவளுக்கும் பரிசு கிடைத்ததே தவிர, நன்றாயிருக்கிறது என்று ஒரு 'கொள்ளாம்' கிடைக்கவில்லை. அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்து கேட்டவர் எவரும் இல்லை.

சிறுவயதில் ஜிஜினும் அந்த மேடையில் ஏறியிருக்கிறான். கொடுத்த கீர்த்தனையை விட்டுவிட்டு, தானே கட்டிய பாட்டை எடுத்தான். முதல் வரி முடியுமுன் டிங். அன்றைக்குப் பிறகு சொந்த மெட்டுப் பக்கமே அவன் போகவில்லை. திருடுகிறவனுக்கும் ஒரு சோகக் கதை வேண்டும்தானே. செத்துப்போன அந்தக் கிழவனின் வீட்டிலேயே உட்கார்ந்து ஒரு வெற்றிப் பாட்டைப் போட்டுக் காட்ட வேண்டும் என்ற வீம்புதான் அவனை இங்கே இழுத்து வந்தது.

"இந்த மணிய எதுக்கு இன்னும் இஞ்ச வச்சிருக்கு?" என்றான்.

"எடுத்து மாத்தினா பிடிக்காது, அண்ணா."

"ஆருக்கு?"

"மாமாவுக்காக்கும்." ரெஜிலா குரலைத் தாழ்த்தினாள். "அடக்கம் கழிஞ்சு போதகர் வந்து பாட்டுப் பாடினாரு. பாட்டுக்க பாதியில அது தானா அடிச்சுது. போதகருக்க சுருதி செரியில்ல, அது உள்ளதுதான்."

ஜிஜின் சிரித்தான். "இந்த ஊருக்காரங்களுக்கு வேற சோலி இல்ல. எலியாக்கும்."

"எலிக்கு சுருதி தெரியுமா அண்ணா?" என்றவள், "சாயங்காலம் சாயா கொண்டு வாறேன்" என்று போய்விட்டாள்.

அவன் கீபோர்டை விரித்தான். முதலில் ஒரு வெளிநாட்டுப் பாட்டு. வீடியோ போட்டவனுக்கு இது தெரியாது என்று ஒதுக்கி வைத்திருந்த சரக்கு. வேகத்தைக் குறைத்து நாலு சுரம் வாசித்திருப்பான்.

டிங்.

கையை எடுத்தான். மேசையைச் சுற்றிப் பார்த்தான். எலி இல்லை. ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டு, ஒரு பழைய கீர்த்தனையைப் பின்னாலிருந்து முன்னால் வாசித்தான்.

டிங்.

மணியைத் துண்டால் சுற்றிவிட்டு, தன்னுடைய பழைய பாட்டு ஒன்றையே கொஞ்சம் மாற்றி வாசித்தான். அதுவும் தன்னுடையது இல்லை என்பது அவனுக்கு மறந்தே போயிருந்தது. மணிக்கு மறக்கவில்லை. துண்டுக்குள்ளிருந்து அடித்தது, முன்னைவிடச் சலிப்போடு.

நாற்காலி இலேசாகக் கிறீச்சிட்டது. அலுத்துப்போன ஆள் சாய்ந்து உட்காருகிற சத்தம்.

பயத்தைவிட அவமானம்தான் ஜிஜினுக்கு முதலில் வந்தது. காது சூடேறியது.

"செத்த பெறவும் தீர்ப்பு சொல்லுதியா?" என்று வெறும் நாற்காலியைப் பார்த்துக் கத்தினான். "நீ கட்டின பாட்டுன்னு ஒண்ணு உண்டுமா இந்த ஒலகத்துல? மணி அடிக்க மட்டும் தெரிஞ்ச கெழவன்!"

மணியைத் துண்டோடு எடுத்துப் பின்பக்கம் போய்க் கிணற்றில் எறிந்தான். தண்ணீர்ச் சத்தம் கேட்டது. வேறு சத்தம் இல்லை.

திரும்பி வந்தபோது மழை பிடித்திருந்தது. அறை இருண்டு கிடந்தது. தைல வாடை கொஞ்சம் கூடியிருந்ததைப்போல் இருந்தது. கீபோர்டின் முன்னால் உட்கார்ந்தான். திருட இனி ஒன்றும் மிச்சமில்லை.

அப்போதுதான் அந்த வரி வந்தது.

சிறுவயதில் மேடையில் அறுந்துபோன அதே முதல் வரி. விரலுக்கு முன்னால் வாய் அதைப் பாடியது. முடியும் இடத்தில் பழக்கத்தால் தோளைக் குறுக்கிக்கொண்டான். மணி அடிக்கவில்லை. அடுத்த வரி தயாராக நின்றது, அதற்கடுத்ததும். எவன் பாட்டிலும் இல்லாத மெட்டு. ஜிஜினுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. தொலைபேசியில் பதிவைத் தட்டிவிட்டு, கடைசி வரிவரை பாடினான். எத்தனை வருடச் சந்தோஷம்! உடனே தீபுவைக் கூப்பிட வேண்டும் என்று நிறுத்தப் பார்த்தான்.

வாய் பல்லவிக்குத் திரும்பியது.

சிரித்துக்கொண்டேதான் பாடினான். அடுத்த முறை சிரிப்பு இல்லை. வாயைக் கையால் பொத்தினான். பாட்டு மூக்கு வழியாக முனகிக்கொண்டு வந்தது. எழுந்து வாசலுக்கு ஓடினான். நிலைப்படியில் கால் நின்றுவிட்டது.

மணி அடிக்காமல் எவரும் இறங்கக் கூடாது.

சாயாவோடு வந்த ரெஜிலா வாசலிலேயே நின்றாள். பாடிக்கொண்டே அவன் உள்ளங்கையால் காற்றில் தட்டித் தட்டிக் காட்டினான். அவள் வெறும் மேசையைப் பார்த்தாள்.

"மணி எங்க, அண்ணா?"

அவன் கிணற்றுப் பக்கம் கையை நீட்டினான்.

"எனக்க ஏசுவே" என்றாள்.

அக்கம்பக்கத்தில் கிருஷ்ணன்குட்டியிடம்தான் பாதாளக்கரண்டி இருந்தது. மழையில் அவர் கிணற்றைத் துழாவித் துழாவி மணியை எடுத்துத் தருவதற்குள் விடிந்துவிட்டது. ஜிஜினின் உதடு வெடித்து ரத்தம் கசிந்தது. குரல் கிழிந்திருந்தது. மெட்டு மட்டும் ஒரு சுரம் பிசகவில்லை.

ரெஜிலா மணியை மேசையில் வைத்துத் தட்டினாள். டிங். அவன் நிறுத்தவில்லை. திரும்பத் திரும்பத் தட்டினாள். தட்ட வேண்டிய கை அது இல்லை.

பிறகுதான் இருவரும் அதைக் கேட்டார்கள்.

நாற்காலியின் கைமேல், மெதுவாக, விரல்கள் தாளம் போட்டுக்கொண்டிருந்தன.

"மாமா, போதும்" என்றாள் ரெஜிலா, அழுகைக்கு நடுவே. "அந்த ஆளு செத்துப்போவும்."

தாளம் நின்றது. பாட்டு கடைசி வரிக்கு வந்திருந்தது. ஜிஜின் மணியையே பார்த்தான். அதன் உச்சிக் குமிழ் கொஞ்சம் கீழே இறங்கியது. அடி, அடி என்று அவன் உடம்பு முழுக்கக் கெஞ்சியது.

குமிழ் சத்தமில்லாமல் மேலே எழும்பியது.

யூக்கலிப்டஸ் வாடை முகத்தருகே வந்தது. வாழ்நாளெல்லாம் அவன் கேட்க ஆசைப்பட்ட குரல் காதுக்குள் கனிவாகச் சொன்னது:

"கொள்ளாம், மக்கா. பல்லவியில இருந்து இன்னும் ஒருக்கா பாடு."