ஊதாக் கட்டம்

கேமராக் கடை முதல் மாடியில் இருந்தது. செருப்புக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவே ஓர் ஆள் மட்டும் ஏறக்கூடிய படிக்கட்டு. மதிய வெயிலிலிருந்து உள்ளே நுழைந்தவளுக்குக் கொஞ்ச நேரம் கண்ணே தெரியவில்லை. கண் பழகியதும் முதலில் தெரிந்தவை லென்ஸ்கள். சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி. அதில் வரிசை வரிசையாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

வீட்டில் அவளுக்குப் பெயர் 'டிகிரி'. அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். கூப்பிடுகிற குரலில் பாதி பெருமை இருக்கும், பாதி நக்கல் இருக்கும். அண்ணன் கூப்பிட்டால் முழுக்க நக்கல்தான். ஒரு சுற்றுலா நிறுவனத்தில் இப்போது வேலை கிடைத்திருந்தது. ஊர் ஊராகப் போய்ப் படம் எடுத்து, நாலு வரி எழுதித் தர வேண்டும். கேமரா சொந்தமாக இருக்க வேண்டும். மறுநாள் மதியம் பஸ். அந்தப் பஸ்ஸை விட்டால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும். அவள் அந்த வீட்டிலேயே கிடக்க வேண்டியதுதான்.

கடைக்காரர் இருப்பதிலேயே பெரியதை எடுத்து வைத்தார்.

"இதப் பாருங்க. தூரத்து மலையில ஆடு மேய்ஞ்சா ஆட்டோட கண்ணு தெரியும்."

"கழுத்துல மாட்டினா ரெண்டு நாள்ல என் கழுத்து போயிடும் சார். மூணாம் நாள் ரூம்லயே வெச்சுட்டுப் போயிடுவேன். ரூம்ல தூங்குற கேமரா எனக்கு எதுக்கு?"

அவர் சளைக்காமல் சின்னதாக ஒன்றை எடுத்தார். "அப்ப இது. சட்டைப் பையில போட்டுக்கலாம்."

"வெயில்ல இந்தத் திரை தெரியாது. கண்ண வெச்சுப் பாக்க ஒரு ஓட்டை கூட இல்ல. சாயங்காலம் ஆனா படம் பூரா மணலக் கொட்டின மாதிரி புள்ளியா வரும்."

"எல்லாம் படிச்சுட்டுத்தான் வந்திருக்கீங்க."

"படிக்காம வந்தா சும்மா விடுவீங்களா?"

அவர் சிரித்துவிட்டு, மேசைக்கு அடியில் குனிந்து, துணியில் சுற்றிய ஒன்றை எடுத்தார். பிரித்ததுமே அவளுக்குப் பிடித்துவிட்டது. உள்ளங்கைக்கு அளவெடுத்தது மாதிரி இருந்தது. கண் வைத்துப் பார்க்கவும் இடம் உண்டு, மடக்கித் திருப்பும் திரையும் உண்டு. தெருவுக்கும் ஆகும், தூரத்துக்கும் ஆகும் ஒரே லென்ஸ். உடம்பில் ஒரு கீறல் இல்லை. தோள்வாரில் மடிப்புக்கூட விழவில்லை.

"பழசுதான். சொன்னாத்தான் தெரியும். ஒரு சார் கொண்டுவந்து குடுத்தார். அவர் சம்சாரம் ஊர் சுத்திப் பாக்கணும்னு ஆசைப்பட்டு வாங்கினாங்களாம். வாசல் தாண்டலையாம்."

"ஏன் தாண்டல?"

"அத நான் கேக்கல."

"இப்ப அந்தம்மா எங்க?"

"கேமராவுக்குத்தாம்மா வாரண்டி கேப்பேன். குடும்பத்துக்கெல்லாம் கேக்க முடியுமா?" சொல்லிவிட்டு அவர் மட்டும் சிரித்தார்.

அவள் கேமராவை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். திரையில் அவர் முகத்தின் மேல் ஒரு வெள்ளைக் கட்டம் விழுந்தது.

"இது தானா முகத்தத் தேடும். சாதாரண முகத்துக்கு வெள்ளைக் கட்டம். நாம பதிஞ்சு வெச்ச முகம்னா ஊதாக் கட்டம். கூட்டத்துல எத்தன பேர் இருந்தாலும் ஊதாவுக்குத்தான் முதல் மரியாதை."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே வெள்ளைக் கட்டம் நடுங்கியது. அணைந்தது. அவருக்குப் பின்னால், இருட்டான மூலையில், ஊதா நிறத்தில் என்னவோ ஒன்று மின்னி மறைந்தது.

"பேட்டரி கம்மியா இருக்கும்," என்றார் கடைக்காரர், கேட்காமலே. "உள்ளதச் சொல்லிடறேன். ரெண்டு மூணு பேர் எடுத்துட்டுப் போய்த் திருப்பிட்டாங்க. ஃபோகஸ் நிக்கலையாம். நான் பாத்தவரைக்கும் கோளாறு இல்ல. உங்களுக்கும் புடிக்கலைன்னா நாளைக்குக் கொண்டாங்க, வேற மாத்தித் தரேன்."

"செட்டிங் தெரியாதவங்க கையில எதுதான் நிக்கும்?" என்று சொல்லி, அவள் அதைப் பையில் போட்டுக்கொண்டாள்.

*

இரண்டே அறைகள் கொண்ட வீடு. முன்னறை ஜன்னலோரம் அம்மா காலால் மிதித்து ஓட்டும் தையல் மெஷின். அதற்குப் பின்னால் படுக்கும் அறை. அதன் கதவு வழியே பார்த்தால் ஒரு குறுகலான நடை, கடைசியில் எப்போதும் தாழிட்ட கொல்லைக் கதவு. அம்மா ஒரு கடைக்குத் தலையணை உறை தைத்துக் கொடுப்பவள். நாள் முழுக்க அந்த நாற்காலியை விட்டு எழ மாட்டாள்.

ஊருக்குப் போகும் முன் அம்மாவை ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். டிகிரிக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

"அம்மா, நிமிந்து பாரு."

"தைக்கிற கோலத்துல என்னடி போட்டோ? தலையாவது வாரிக்கறேன் இரு."

"தலை வாரினா அது வேற யாரோட அம்மாவோ ஆயிடும். அப்படியே இரு."

எடுத்தாள். அம்மாவின் முகம் ஆவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதுபோலக் கலங்கியிருந்தது. ஆனால் அவளுக்குப் பின்னால், அந்த இருட்டு நடை, சுவரின் வெடிப்பும் ஆணியில் தொங்கிய துண்டின் இழையும் எண்ணிவிடும் அளவுக்குத் துல்லியமாக இருந்தது.

மறுபடி எடுத்தாள். அப்படியேதான் வந்தது.

இந்தமுறை பட்டனை அழுத்தாமல் திரையை மட்டும் பார்த்தாள். அம்மாவின் முகத்தில் வெள்ளைக் கட்டம் ஒரு கணம் விழுந்து அணைந்தது. லென்ஸுக்குள் மோட்டார் மெல்ல முனகியது. நடையின் கோடியில், தபால்தலை அளவுக்கு, ஊதாக் கட்டம் ஒன்று எழுந்தது.

அது நகர்ந்தது.

கொல்லைக் கதவு வரை போனது. நின்றது. திரும்பி வந்தது. மறுபடி கதவு வரை போனது. கூண்டில் அடைபட்ட உயிர் உலாவுவதுபோல் போவதும் வருவதுமாக இருந்தது.

டிகிரி கேமராவைத் தாழ்த்தி வெறும் கண்ணால் பார்த்தாள். யாரும் இல்லை. துண்டு தொங்கியது. அவ்வளவுதான்.

திரையைப் பார்த்தாள். போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது.

பயம் வந்தால் அவளுக்குக் கோபம் வரும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். விறுவிறுவென்று மெனுவைத் திறந்து, முகம் பதிவுசெய்து வைக்கும் பக்கத்துக்குப் போனாள். ஒரே ஒரு முகம் இருந்தது. முப்பது முப்பத்தைந்து வயதுப் பெண். கையை நீட்டித் தன்னைத்தானே எடுத்துக்கொண்ட படம். புதிதாக வாரிய தலை. தோளில் குறுக்காகப் பையின் வார். முகத்தில், இதோ கிளம்பிவிட்டேன் என்கிற சிரிப்பு. முதுகுக்குப் பின்னால் சாத்திய கதவு.

அழிக்கவா என்று கேமரா கேட்டது.

அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு அவள் கொஞ்ச நேரம் தயங்கினாள். பிறகு அழுத்தினாள். பதிந்த முகம் எதுவும் இல்லை என்றது திரை.

"இப்ப பாரும்மா. கடைசியா ஒண்ணு."

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. ஜன்னலில் மிச்சமிருந்த சாம்பல் வெளிச்சத்தில் அவள் கேமராவை உயர்த்தினாள்.

ஊதாக் கட்டம் இருந்தது.

இப்போது நடையில் இல்லை. படுக்கும் அறையின் நடுவில் இருந்தது. தீப்பெட்டி அளவுக்குப் பெரிதாகியிருந்தது.

ஸ்ஸ்ர்ர்ரக்.

பையின் ஜிப்பை யாரோ இழுத்து மூடும் சத்தம். கொஞ்சம் பொறுத்து, திறக்கும் சத்தம். மறுபடி மூடும் சத்தம்.

தையல் மெஷின் நின்றது.

"ஏன்டி, பைய எத்தன தடவதான் தொறந்து மூடுவ?"

"நான் இங்கதாம்மா இருக்கேன்."

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. தையல் துணியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப உள்ள யாரு?" என்றாள், உதடு மட்டும் அசைய.

உள்ளேயிருந்து ஒரு வாசனை வந்தது. அந்துருண்டை. ஆசையாக மடித்து, பெட்டியில் அடுக்கி, ஒருநாளும் உடுத்தாமல் போன துணிகளின் வாசனை.

டிகிரி கேமராவை அணைத்தாள். துண்டில் சுற்றி அலமாரியில் வைத்துச் சாத்தினாள். அன்று இரவு அம்மாவும் மகளும் முன்னறையிலேயே, ஒரே போர்வையில் கிடந்தார்கள். அலமாரிக்குள், துண்டுக்குள், அணைத்து வைத்த கேமராவின் மோட்டார் முனகிக்கொண்டே இருந்தது. எதையோ தேடித் தேடி, கிடைக்காமல், மறுபடி தேடிக்கொண்டு.

*

மறுநாள் அவள் பையைத் தோளில் போட்டு, கடையில் திருப்பிக் கொடுக்கக் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பியபோது அண்ணன் வாசலில் நின்றான். கைகள் இரண்டும் நிலையின் இரண்டு பக்கமும் ஊன்றியிருந்தன. வேன் ஓட்டுகிறவன், ராத்திரிச் சவாரி முடித்து வந்த கண் சிவந்திருந்தது. அப்பா போனதிலிருந்து அந்த வீட்டுக்கு அவன்தான் நீதிபதி.

"எங்க கிளம்பிட்டாங்க டிகிரி?"

"தெரிஞ்சுகிட்டே கேக்காத. வழிவிடு."

"ஊர் சுத்துறதுக்கு ஒரு கம்பெனி. அத போட்டோ புடிக்க ஒரு ஆளு. இதுக்கா மூணு வருசம் படிச்ச?"

"நீ ஓட்டுற வேன் மட்டும் என்ன, ஷெட்லயே நிக்குதா?"

"வாய் மட்டும் நல்லா படிச்சிருக்கு. உள்ள போ. பஸ் போனப்புறம் பேசிக்கலாம்."

"டேய், விடுடா அவள," என்றாள் அம்மா, நாற்காலியிலிருந்து.

"நீ சும்மா இரும்மா. இன்னிக்கு விட்டா இவ திரும்பி வரவே மாட்டா."

டிகிரிக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. அதை இனி இயக்கவே கூடாது என்று காலையில் நினைத்திருந்தவள், கேமராவை இயக்கித் தூக்கி அவன் மூஞ்சிக்கு நேரே பிடித்தாள்.

"அப்படியே நில்லு. என் அண்ணன் எப்படி இருப்பான்னு யாராவது கேட்டா இதத்தான் காட்டப்போறேன்."

திரையில் அண்ணன் முகத்தில் வெள்ளைக் கட்டம் விழுந்தது.

அணைந்தது.

திரை முழுக்க ஊதாவானது. நான்கு ஓரங்களையும் தொட்டுக்கொண்டு நின்றது கட்டம். அவ்வளவு பெரிய முகம் இல்லை அது. அவ்வளவு பக்கத்தில் இருந்தது.

அவள் மூக்குக்கு நேரே அந்துருண்டை வாசனை அடித்தது. கன்னத்தில் ஜில்லென்று ஒரு மூச்சு பட்டது.

அசையவில்லை அவள்.

கட்டம் மெல்லச் சுருங்கத் தொடங்கியது. அவளையே பார்த்தபடி, பின்னால் அடியெடுத்து, வாசலை நோக்கிப் போவதுபோல. நான்கு ஓரங்களையும் விட்டு விலகியது. தீப்பெட்டி அளவானது. அண்ணனின் முகத்துக்குக் கச்சிதமான அளவு வந்ததும் அங்கேயே பொருந்தி நின்றது.

அண்ணனின் கண்கள் மாறின. சிவப்பு இருந்தது, கோபம் இல்லை. தன் முதுகுக்குப் பின்னால் விரிந்துகிடந்த தெருவைப் பார்க்க ஏங்குகிறவன்போல, அவன் கழுத்து மட்டும் அந்தப் பக்கம் திரும்பத் துடித்தது.

நிலையை விட்டு ஒரு கை இறங்கியது. பிறகு இன்னொரு கை.

"கிளம்பு," என்றான் ரகசியம்போல. அவன் குரல்தான். ஆனால் அவன் ஒருநாளும் அவ்வளவு மெதுவாகப் பேசியதில்லை. "நேரமாச்சு. கிளம்பு."

சுவரோடு சாய்ந்து வழிவிட்டான். ஊதாக் கட்டம் அவன் முகத்திலிருந்து வழுக்கி, வாசலைத் தாண்டி, வெயிலில் கரைந்தது. அவன் முகத்தில் வெள்ளைக் கட்டம் வந்து உட்கார்ந்தது.

அண்ணன் அப்படியே தரையில் சரிந்தான்.

"நான் இப்ப என்ன சொன்னேன்?" என்றான் அம்மாவிடம்.

அம்மா நாற்காலியை விட்டு எழுந்தாள். மகளின் தோளிலிருந்து நழுவிய பையை இழுத்து மாட்டிவிட்டாள்.

"அவன் சுதாரிக்கறதுக்குள்ள போடி," என்று முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

*

பஸ் நிலையத்துக்குப் போகும் வழியில் அவள் அந்தப் படிக்கட்டில் ஓடி ஏறினாள்.

"நீங்களுமா?" என்றார் கடைக்காரர். வாங்கி, இயக்கி, கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தையே பார்த்தார். வெள்ளைக் கட்டம் ஆடாமல் அசையாமல் நின்றது. அலமாரிப் பக்கம் திருப்பினார், மூலைப் பக்கம் திருப்பினார். ஒன்றும் இல்லை. "அட, சரியாயிடுச்சே! என்ன பண்ணீங்க? இனிமே தாராளமா வெச்சுக்கலாம்."

"வேணாம் சார்."

புதிதாக, பெட்டி பிரிக்காத ஒன்றை எடுத்துக்கொண்டாள். கொஞ்சம் கனம்தான். தூக்கிக்கொள்ளலாம்.

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. பக்கத்து இருக்கை காலியாகவே இருந்தது. வழியில் எத்தனையோ பேர் ஏறினார்கள். அந்த இருக்கையைப் பார்த்துவிட்டு, நின்றுகொண்டே வந்தார்கள்.

இறங்கிய இடம் ஒரு மலையூர். நிறுவனத்தின் தலைமைப் புகைப்படக்காரர் நடுவயதுப் பெண், எல்லோருக்கும் மேடம். கைகொடுத்த கையோடு அவளைப் பள்ளத்தாக்கின் விளிம்பில் இருந்த கம்பித் தடுப்புக்கு அழைத்துப் போனார்.

"புதுசா யார் சேந்தாலும் மொத நாள் இங்க நிக்கவெச்சு ஒரு படம் எடுத்துருவேன். இது நம்ம கம்பெனி வழக்கம். நில்லு."

டிகிரி நின்றாள். பின்னால் மலை மேல் மலையாக நீலம் போய்க்கொண்டே இருந்தது. காற்று தலைமுடியைப் பிய்த்தது. தடுப்பு நெடுகிலும் அவளைத் தவிர வேறு ஆள் இல்லை.

மேடம் தன் கேமராவின் திரையைப் பார்த்தார். கொஞ்சம் பின்னால் போனார். மறுபடி பார்த்தார்.

"தனியாத்தான் வர்றேன்னு சொன்ன?" என்றார், திரையிலிருந்து கண்ணெடுக்காமல். "பரவாயில்ல. உன்கூட வந்தவங்கள இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளி நிக்கச் சொல்லும்மா. பாதி முகம் வெட்டுது."

டிகிரி பக்கத்தில் திரும்பிப் பார்க்கவில்லை.

தோள் பையை மறுபக்கம் மாற்றிக்கொண்டு, அரை அடி நகர்ந்து, இடம் விட்டாள்.